உச்சி வெயிலில் கறுப்பு வெள்ளை: காங்கேயம் பக்கத்து முகங்கள்

கறுப்பு வெள்ளையில் ஆண் முகம் என்று தேடிப் பாருங்கள். ஒரே படம்தான் வேறு வேறு ஊரிலிருந்து வந்து நிற்கும். ஒட்டிய கன்னம், கத்தியால் கீறியது போன்ற சுருக்கங்கள், வாயில் பீடி, எங்கோ ஒரு பார்வை. எடிட்டிங்கில் சுருக்கங்களைத் தூக்கிக்காட்டும் கிளாரிட்டியை நூறுக்கு இழுத்துவிட்டு, கீழே 'வாழ்க்கை' என்று ஒற்றை வார்த்தை. எனக்கு இந்த ரகம் பிடிப்பதில்லை. அந்த ஆள் யார், என்ன வேலை பார்க்கிறார், எதில் கெட்டிக்காரர் என்று ஒன்றும் அதில் தெரியாது. வயதும் வறுமையும் மட்டும்தான் தெரியும். படத்தில் ஓர் அழுத்தம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முகத்தைக் கசக்க வேண்டாம், ஒரு பக்கத்து வெளிச்சத்தை அடைத்தாலே போதும் என்பது என் கட்சி.

அதற்குத் தோதான ஊர் காங்கேயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும், மேகமும் கூடவே ஓடும், மழை மட்டும் பேருக்குத்தான். படம் எடுக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? திருப்பூரிலிருந்து விடியும் முன்னே கிளம்பினால் சாலையும் காலியாக இருக்கும்.

முதலில் போனது பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு. காங்கேயத்திலிருந்து ஈரோடு போகிற ரோட்டில் நத்தக்காடையூர், அதை ஒட்டித்தான் பழையகோட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற சந்தை இது. காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், இந்த மாட்டை இந்த ஊரில் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கன்று பிறக்கும்போது செம்மை கலந்த நிறம். சில மாதங்களில் அது மாறி சாம்பல் ஏறும். வளர்ந்த பூச்சிக்காளைக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் காளைக்கு, திமிலும் முன்புறமும் பின்புறமும் கறுத்துக்கொண்டே போகும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் எல்லாச் சாயலும் அதன் உடம்பிலேயே இருப்பதால், பக்கத்தில் நிற்கிற ஆளின் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடலாம் என்பதற்கு நான் காளையையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். திமிலில் மயிர் தெரிய வேண்டும், கொம்புக்கு அடியில் வெளுத்துப் போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

சந்தையில் முகத்தைவிடக் கைதான் பேசும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிற தரகர்களின் முகத்தைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற பேரம் துண்டுக்குள்ளே நடக்கும்; முகத்தில் ஒரு சலனம் இருக்காது. நடிக்கச் சொல்லி வாங்க முடியாத இறுக்கம் அது. மீசையை முறுக்கச் சொல்லி எடுக்கிற 'கெத்து' படமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

அங்கேதான் ஒரு பெரியவரைக் கேட்டேன். கட்டைத் தோளில் பச்சைத் துண்டு, கையில் காளையின் கயிறு.

"அய்யா, ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?"

"எடுங்க தம்பி. கலரு வருமுங்களா?"

"கறுப்பு வெள்ளைங்க."

"கறுப்பு வெள்ளையின்னா கண்ணீர் அஞ்சலிக்கல்லொ போடுவாங்க! நமக்கு இன்னும் நேரம் வரலீங்க தம்பி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: "சரி எடுங்க, ஆனா காளையும் வரோணும்."

இங்கே எல்லாருமே ஒன்று செய்கிறார்கள். கேமராவைத் தூக்கினால் உடனே துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார்கள். "தொடைக்காதீங்க அண்ணா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வெளுத்த தோலுக்கு நிழல்தான் வடிவம் கொடுக்கும். நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மினுமினுப்பு கொடுக்கிறது. நெற்றியில், மூக்குத் தண்டில், கன்னத்து மேட்டில் வேர்வை பிடிக்கிற அந்த மெல்லிய கோடுகளைத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். சிலர் தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் நெற்றியில் இறங்கியிருக்கும். அதை விடப் பெரிய மேக்கப் கிடையாது.

பகல் ஏறியதும் காங்கேயம் பக்கம் திரும்பி ஒரு தேங்காய்க் களத்துக்குப் போனோம். வெளியில் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் காலை, மாலை வெயிலைத்தான் சொல்வார்கள். ஆடி மாதத்து உச்சிப் பொழுதில் நிழல் காலடியிலேயே சுருண்டுகொள்ளும், கண்குழி இரண்டும் இருண்டு போகும், ஆகவே கேமராவை மூடி வை என்பார்கள். களத்தில் அது பொருந்தாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கொப்பரை காய்கிறது, வெள்ளை முகம் மேலே பார்த்தபடி. மேலேயிருந்து விழுகிற வெயில் அதில் பட்டு எகிறி, தாடைக்கு அடியிலும் கண்குழிக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தபோது கண்மணிக்குள் களம் முழுக்க ஒரு வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆளே வேண்டாம்.

ஆனால் இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் முகத்தில் மேடு பள்ளம் போய்விடும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. வெள்ளகோவில் பக்கம் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த ஓர் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கரன்ட் இல்லாத நாளில் ஆளைக் கடை வாசலில் உட்கார வைத்து, ஒரு பக்கம் கறுப்புத் துணியைக் கட்டி எடுப்பார்களாம். உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைச் சரக்கைப் போட்டு எடுத்த காலம் அது. நான் துணிக்குப் பதில் கறுப்புக் கம்பளி வைத்திருக்கிறேன், ஆடு மேய்க்கிறவர்கள் போர்த்துகிற ரகம். ஒருவர் அதை முகத்துக்குக் கை எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கத்துக் கன்னம் சட்டென்று இருட்டில் இறங்கும். கம்பளியைக் கொஞ்சம் அக்கட்டால நகர்த்தச் சொன்னால் நிழல் இளகும், கிட்டக் கொண்டுவந்தால் இறுகும். சில நிமிடம் இதைப் பார்த்துவிட்டால் ஃபிளாஷ் வாங்குகிற ஆசையே போய்விடும்.

களத்தை ஒட்டிய தகரக் கொட்டகை இன்னொரு நல்ல இடம். கூரை நிழல் முடிகிற கோட்டுக்கு ஓர் அடி உள்ளே ஆளை வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தினால், முகத்துக்கு வெளியிலிருந்து வெளிச்சம், பின்னால் கும்மிருட்டு. அமெரிக்கர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அவர்கள் நாட்டின் மேற்குப் பக்கம் சுரங்கக்காரர்களையும் மாட்டுப் பண்ணைக்காரர்களையும் எடுத்தபோதும், ஆளை வெயிலில் நிறுத்தவில்லை. நிழலில் வெள்ளைத் தாளை விரித்து அதன் முன்னால் நிறுத்தினார். அவருக்கு வெள்ளை, எனக்குக் கொட்டகை இருட்டு. வேட்டி பனியனில் நிற்கிறவரை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரை நெற்றியில் வைத்து அளந்துவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேல் கொறங்காட்டுப் பக்கம் போனோம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். இந்தப் பக்கத்துக்கே உரிய மேய்ச்சல் காடு இது. வெள்வேல் நிழலை நம்பி ஆளை நிறுத்தாதீர்கள். இலை பொடிசு, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெயில் விழும். நான் வானத்தை நம்பினேன். காற்றுக்கு வேட்டி படபடக்க, ஆட்டுக்காரர் வேலி ஓரம் நிற்க, தலைக்கு மேலே மேகம்.

வானத்தை இருட்டாக்க சிவப்பு ஃபில்டர் என்பது பழைய பாடம். நீலம் இருந்தால்தான் அது இருளும். சித்திரை மாதத்து வெளுத்த வானத்தில் அதைப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சிவப்பு ஃபில்டரில் நெற்றிக் குங்குமம் காணாமல் போகும், திருநீறு மட்டும் நிற்கும். பச்சை ஃபில்டர் போட்டால் குங்குமம் கறுப்பாக எழும், உதடும் தோலும் அழுத்தமாகும். ஆண் முகத்துக்குப் பச்சை என்று பழைய ஆட்கள் சொன்னது அதனால்தான். ஏற்கெனவே வெயிலில் கறுத்த முகத்துக்கு அதை அப்படியே போட்டால் விவரமெல்லாம் அடைத்துக்கொள்ளும். நான் நிறமெல்லாம் அப்படியே இருக்கிற RAW கோப்பாக எடுத்துக்கொண்டு, வியூஃபைண்டரை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் வந்து எடிட்டிங்கில் நீலத்தை இருட்டாக்குவேன். தோல் இருக்கிற ஆரஞ்சில் கையே வைப்பதில்லை, வைத்தாலும் இழை அளவுதான். கிளாரிட்டிக்கு அருகிலேயே போவதில்லை.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வருகிறான் என்றால் அடுத்த முறை கதவு தானாகத் திறக்கும். கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் படத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கொம்பு நல்லா உழுந்திருக்குதுங்க" என்றார். அப்புறம் போனை நீட்டி, காளையை மட்டும் கலரில் ஒன்று எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார். விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். வாங்குகிறவர் மயிர்ச் சுழியும் நிறமும் பார்ப்பார், அதற்கு என் கறுப்பு வெள்ளை உதவாது. நாலு காலும் தெரிய வேண்டும், தலை தூக்கியிருக்க வேண்டும், திமிலுக்குக் குறுக்கே கயிறு வரக் கூடாது என்று அவரே நிற்க வைத்துச் சொல்லச் சொல்ல, நான் எடுத்துக் கொடுத்தேன்.