தர்மபுரில ஹைடன், பைபாஸ்ல நாங்க

ஹைடன்ங்கற பழைய மேற்கத்திய இசையமைப்பாளரோட சிம்பொனி கேக்க தர்மபுரிக்கு போன கதை இது. ஆனா மொதல்ல பஸ் கண்டக்டர் கதைய முடிச்சுடறேன், இல்லன்னா மத்தது எதுவும் எழுத வராது. கிருஷ்ணகிரில நின்னு "தர்மபுரி சேலம், தர்மபுரி சேலம்"னு கத்தி ஏத்துறாங்க, டிக்கெட்டும் தர்மபுரின்னே குடுக்கறாங்க, காரிமங்கலம் தாண்டினதும் அந்த ஆளு கூலா வந்து "தர்மபுரிலாம் பைபாஸ்லயே எறங்கிக்கங்க, வண்டி ஊருக்குள்ள போவாது"ங்கறாரு. ஏறும்போதே சொல்லித் தொலைச்சா அடுத்த பஸ்ல வந்திருப்போம்ல? கூட வந்தது எங்க சித்தி, முட்டி வலி, பஸ் படி எறங்கறதே பெரும்பாடு. நா சண்டைக்குப் போனேன், "சேலம் வண்டிங்க இது, டைம் ஆவுது"ன்னு விசில ஊதிட்டு போயிட்டாரு. மத்தியான வெயில்ல ரெண்டு பேரும் பாலத்துக்கடில நிக்கறோம்.

அங்கயே ஒரு ஆட்டோ தயாரா நிக்குது. பேசி வெச்சுக்கிட்டுதான் பண்றாங்களோன்னு எனக்கு இன்னும் சந்தேகம். எடுத்த எடுப்புல 250. சித்தி "ஏம்ப்பா, கிருஷ்ணகிரில இருந்து ரெண்டு பேரு வந்ததுக்கே அதுல பாதி ஆவலியே"ன்னு ஆரம்பிச்சு 180க்கு கொண்டாந்தாங்க. பாதி வழில "நீங்க சொன்ன சர்ச்சு வேற, நா நெனச்சது வேற"ன்னு சொல்லி மறுபடி 50 ஏத்திட்டான். டவுன் பஸ்ஸா இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டே கெடையாது, அத நெனச்சு நெனச்சு வயிறு எரிஞ்சுது.

சரி, என்ன கச்சேரின்னு இன்னும் முழுசா சொல்லல பாருங்க. பெங்களூர்ல இருந்து ஒரு குழு வந்து தர்மபுரில ஒரு சர்ச்சுல சிம்பொனியும் லத்தீன் பாட்டும் வாசிக்கறாங்க, அனுமதி இலவசம்னு சித்தியோட பாட்டுக்குழு வாட்ஸாப்ல வந்துச்சு. இலவசங்கறத நா ரெண்டு தடவ படிச்சேன். பெங்களூர்ல இந்த மாதிரி கச்சேரிக்கு டிக்கெட் பாத்துட்டு ஆப்ப மூடி வெச்சவ நானு. சித்தி எலத்தகிரி பக்கம், சின்ன வயசுல இருந்து பூசைல பாடறவங்க, அவங்களுக்கு லத்தீன்னு கேட்டதும் கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு.

கச்சேரி ஆறு மணிக்கு, அதுக்கு முன்னாடி வயித்த பாக்கணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சந்துல ஒரு மெஸ், போர்டு கூட சரியா தெரியாது, வாசல்ல லாரிக்காரங்க கை கழுவிட்டு நின்னாங்க, அத நம்பி உள்ள போனோம். கேழ்வரகு களி, நாட்டுக்கோழி குழம்பு, ஓரமா கீரை கடைசல். களிய மெல்லக்கூடாது, பிட்டு, குழம்புல ஒரு பொரட்டு பொரட்டி அப்படியே முழுங்கணும், மென்னா பல்லுல ஒட்டிக்கும். குழம்புல தேங்கா அரைச்சு ஊத்தி கெடுக்கல, மிளகும் சின்ன வெங்காயமுமா மூக்குல தண்ணி வந்துச்சு. அந்தக்கா "இன்னும் ஒரு உருண்ட வெச்சுக்க கண்ணு"ன்னு கேக்காமயே வெச்சுட்டு அதுக்கு காசும் வாங்கல. ரெண்டு பேருக்கும் சேத்து 220 ரூபா, ஆட்டோக்காரன் வாங்குனத விட பத்து ரூபா கம்மி! தர்மபுரிக்கு வந்து பரோட்டா தேடறவங்கள எனக்கு புரியவே இல்ல.

இப்போ கச்சேரி. எங்க உக்காரணும், எப்போ வரணும்னு வரிசையா எழுதலாம்னுதான் பாத்தேன், சீக்கிரம் வாங்க, முன்னாடி உக்காருங்க, அவ்ளோதான். பாடறவங்க முப்பது பேருக்கு மேல, வாத்தியம் ஒரு இருபது. ஃபேன எல்லாம் நிறுத்திட்டாங்க, பாட்டு நோட்டு பறக்குதுன்னு, அப்பவும் ஸ்டாண்டுல துணி கிளிப் மாட்டியிருந்தாங்க. வேர்வைல அவங்களும் நனைஞ்சாங்க நாங்களும் நனைஞ்சோம். சவுண்ட் சர்வீஸ் பையன் ஆசையா கொண்டாந்து வெச்ச நாலு மைக்கையும், ரெண்டு பெரிய பாக்ஸையும் அந்த கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லீங்க, கோல் வெச்சு நடத்துறவரு) ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. நம்மூர்ல எந்த விசேஷத்துலயும் யாரும் செய்யாத காரியம் அது. மைக் இல்லாம, உயரமான கூரைக்கடில அம்பது பேரோட சத்தம் நேரா வந்து மேல விழுந்தா எப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது, ஹெட்போன்ல யூடியூப்ல கேட்டதெல்லாம் கணக்குலயே வராது.

மொதல்ல மொசார்ட்டோட அவே வேரும் கோர்பஸ்ங்கற லத்தீன் பாட்டு. மொத்தமே 46 பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி), நாலு நிமிஷம் கூட ஆவாது. 1791 ஜூன்ல பாடன்ங்கற ஊர்ல, அங்க சர்ச்சுல பாட்டுக்குழு நடத்துன அன்டன் ஷ்டோல்ங்கற நண்பருக்காக எழுதிக் குடுத்தாரு, அதே வருஷம் டிசம்பர்ல ஆளே போயிட்டாரு. சின்ன ஊரு பாட்டுக்குழு பாடறதுக்குன்னு எழுதுனதால கஷ்டமான சங்கதி எதுவும் கெடையாது, அடக்கி பாடணும், அது ஒண்ணுதான் கஷ்டம். சித்தி அப்பவே என் கையப் புடிச்சுட்டாங்க. பின்னாடி நின்ன நாலு பசங்க சினிமா பாட்டு வரும்னு வந்திருப்பாங்க போல, இந்த நாலு நிமிஷத்துலயே கெளம்பிட்டாங்க. அவங்களுக்குத்தான் நஷ்டம், ஏன்னா அடுத்து வந்தது ஹைடன்.

ஹைடனோட 45வது சிம்பொனி, ஃபேர்வெல்னு சொல்லுவாங்க, 1772ல எழுதுனது. கதை தெரிஞ்சாதான் மஜா. ஹைடன் எஸ்தர்ஹாசிங்கற இளவரசர்ட்ட வேல பாத்தாரு. அந்த ஆளு ஹங்கேரில தன்னோட கோடை அரண்மனைல குந்திக்கிட்டு, ஊருக்கு திரும்பவே மாட்டேங்கறாரு. வாத்தியக்காரங்கள்ல முக்காவாசி பேரோட பொண்டாட்டி புள்ளைங்க அங்க ஐசன்ஸ்டாட்ங்கற ஊர்ல இருக்காங்க, லீவு கெடையாது. இளவரசர்ட்ட நேரா போயி கேக்க முடியுமா? ஹைடன் சிம்பொனியாவே கேட்டாரு. கடைசி பகுதி தடதடன்னு ஓடிட்டு இருக்கறப்ப டக்குனு நின்னு மெதுவான ஒண்ணு ஆரம்பிக்கும், அதுல ஒவ்வொருத்தரா தன் பங்க வாசிச்சு முடிச்சு, எதிர்ல இருக்கற மெழுகுவத்திய அணைச்சுட்டு எழுந்து போயிடுவாங்க, கடைசில ரெண்டே ரெண்டு வயலின் மிஞ்சும். அன்னிக்கு அந்த ரெண்டுல ஒண்ணு ஹைடனே வாசிச்சதா சொல்லுவாங்க. இளவரசருக்கு புரிஞ்சுது, மறுநாளே எல்லாரையும் கெளப்பிட்டாராம். எங்க ஆபீஸ்ல லீவு கேக்க இந்த மாதிரி ஒரு வழி இருந்தா நல்லாதான் இருக்கும்.

இந்தக் கதைய சித்திக்கு சொல்லாம விட்டேன், வேணும்னேதான். மெழுகுவத்திக்கு பதிலா ஸ்டாண்டுல குட்டி லைட்டு மாட்டியிருந்தாங்க. மொதல்ல ஒரு ஓபோவும் ஒரு ஹார்னும் (ரெண்டும் ஊதற வாத்தியம்) எழுந்து லைட்ட அணைச்சுட்டு போனாங்க, யாரும் பெருசா எடுத்துக்கல. அடுத்து பசூன், அதுவும் ஊதறதுதான். அடுத்து மிச்ச ஓபோ, மிச்ச ஹார்ன். டபுள் பாஸ்காரர் தனியா ஒரு நீள வாசிப்பு வாசிச்சுட்டு அவ்ளோ பெரிய வாத்தியத்த தூக்கிட்டு ஓரமா நடந்தாரு பாருங்க, சித்தி குனிஞ்சு "என்ன கண்ணு, காசு தரலன்னு கோச்சுக்கிட்டாங்களா?"ங்கறாங்க. பின் வரிசைல ஒரு பெரியவரு சத்தமாவே "ஒம்பதரைக்கு மேல பெங்களூர் பஸ் கெடைக்காதுப்பா, பாவம்"னாரு. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. ஆனா செல்லோவும் (பெரிய வயலின் மாதிரி) போயி, ஒவ்வொரு வயலினா போயி, வயோலாவும் போயி, மிச்சம் ரெண்டு வயலின் மட்டும் சத்தத்த அடக்கற அடைப்ப கம்பில மாட்டிக்கிட்டு வாசிச்சப்ப அந்தப் பெரியவரே கம்முனு ஆயிட்டாரு. கண்டக்டரும் அப்போ எறங்கிப் போயிட்டாரு. கைதட்டலாமா வேணாமான்னு தெரியாம கொஞ்ச நேரம் எல்லாரும் முழிச்சோம், அப்பறம் ஒரு சிஸ்டர் ஆரம்பிச்சாங்க, கூரையே அதிர்ந்துச்சு. போனவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தாங்க.

இடைவேளைல டீ குடுத்தாங்க, சர்க்கரை கம்மி. ஓபோக்காரர் வாசல்ல ஒரு குட்டி டப்பா தண்ணில அந்த மூங்கில் மாதிரி துண்ட ஊற வெச்சிருந்தாரு, பாத்தா நம்ம நாகஸ்வர சீவாளியேதான், ரெண்டு பட்டை சேந்து அதிர்றது. அவர்ட்ட கேட்டேன், ஆமாம்னாரு, இந்த வெயில்ல அது சீக்கிரம் காஞ்சு போவுதுன்னு பொலம்புனாரு.

ரெண்டாவது பாதி விவால்டியோட குளோரியா. சித்திக்கு இது சொந்த வீடு, பூசைல பாடற வானவர் கீதத்தோட அதே வார்த்தைங்க, லத்தீன்ல, பன்னெண்டு பகுதியா பிரிச்சு. மொத பகுதி வயலின் எட்டு சுரம் மேல கீழ குதிக்கறதுல ஆரம்பிச்சு டிரம்பெட்டோட வெடிக்கும். விவால்டி சர்ச்சு சாமியாரு தெரியுமா? செந்தலை சாமியார்னு வெனிஸ்ல பேரு. பியேட்டாங்கற அனாதை இல்லத்துல பொண்ணுங்களுக்கு சங்கீதம் சொல்லிக் குடுத்தாரு, அங்க எழுதுனதுதான் அவரோட பெரும்பாலான பாட்டு. 1741ல செத்ததுக்கு அப்பறம் இந்த குளோரியா கையெழுத்துப் பிரதியா எங்கயோ மறைஞ்சு கெடந்து, 1939ல இத்தாலில சியெனாங்கற ஊர்ல மறுபடி வாசிச்சாங்களாம். ரெண்டாவது பகுதி, எத் இன் தெர்ரா பாக்ஸ், மெதுவா இருட்டா போவும், எனக்கு மொத பகுதிய விட அதுதான் புடிச்சுது. ஒரு சோப்ரானோ (மேல் குரல்ல பாடற பொண்ணு) தனியா பாடுன இடத்துல, எனக்கு சொல்லத் தோணுது, மேல போறப்ப கொஞ்சம் சுருதி எறங்குச்சு. கூட வந்த ஓபோ காப்பாத்திட்டாரு.

கடைசில ஹாண்டலோட அல்லேலூயா. அது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எழுந்து நின்னோம், பின்னாடி பாதி பேரு கூடவே பாடுனாங்க, எங்க சித்தி உட்பட, ஆல்ட்டோவும் (பொண்ணுங்களோட கீழ் குரல்) சோப்ரானோவும் மாத்தி மாத்தி.

ஒண்ணு சொல்லியே ஆவணும். நம்ம ஊர் சர்ச்சுங்கள்ல இப்ப பாட்டுன்னா கீபோர்டுல ரிதம் பட்டன தட்டி விட்டுட்டு எல்லாரும் ஒரே குரல்ல கத்தறது, மைக்க வேற வாயிலயே வெச்சுக்கிட்டு. நாலு குரலா பிரிஞ்சு பாடறத கேட்டதுக்கு அப்பறம் ஞாயித்துக்கெழம எப்படி உக்காரப் போறேன்னு தெரியல. இதுக்கு காசு வேணாம், சாயந்தரத்துல ஒரு மணி நேரம் ஒக்காந்து பழகணும், அதுக்குத்தான் ஆளு இல்ல.

உண்டியல்ல 200 போட்டேன். கெளம்பறப்ப சித்தி அந்தக் கோல் வெச்ச ஆள்ட்ட போயி "தம்பி, அந்த மொத பாட்டு, சின்னது, அதோட நோட்டு எங்க கெடைக்கும்?"னு கேட்டாங்க. இண்டர்நெட்ல இலவசமாவே இருக்கும்மா, பழைய பாட்டுக்கு உரிமை எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னு அவரு சொன்னாரு. இலவசம்னதும் இந்த தடவ சித்தி மூஞ்சி மலர்ந்துச்சு. கிறிஸ்துமஸ் பூசைக்கு பாடணுமாம், இருபது பேருக்கு ஜெராக்ஸ் நாந்தான் எடுத்துட்டு வரணுமாம், பக்கத்துக்கு ரெண்டு ரூபா, அத யாரு குடுப்பாங்கன்னு நா இன்னும் கேக்கல.