ரெண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு

ஜனவரி 23, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. மாத்திரை டப்பா என் கைப்பையில்தான் வரும், அம்மாவிடம் கொடுக்கப்போவதில்லை. எடை மெஷின் டிக்கியில், துணிப்பைக்கும் செருப்புப் பைக்கும் நடுவில். தண்ணீர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி. அப்பா பார்த்துவிட்டு, "பால் புட்டி மாதிரி இருக்கு கண்ணு" என்றார். யாழினி மட்டும் சிரித்தாள்.

வழியில் யாரும் பத்தாம் தேதி ஆபரேஷனைப் பற்றிப் பேசக் கூடாது. அப்பா போட்ட ஒரே நிபந்தனை.

ஜனவரி 24, சனி

நீலாங்கரையிலேயே முதல் தகராறு. ஐந்து நிமிடம் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கார்த்தி நிறுத்தினார். மணலில் ஒரு பங்குனி ஆமை, செத்து ஊதிப்போய். போன வருஷம் ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவை ஞாபகம் வந்தது. ஆமையும் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் வர முடியாது, அவ்வளவுதான். யாழினி நோட்டைத் திறந்து முதல் வரியில் 'ஆமை' என்று எழுதிவிட்டாள்.

"அந்த வரியை அடி. உயிரோட இருக்கணும். ரெண்டு பேர் பார்த்திருக்கணும். அப்பத்தான் கணக்கு" என்றார் அப்பா. போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், சாட்சிக் கையெழுத்து இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மரக்காணம் உப்பளத்தில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக. "மாப்ள, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார். முன் சீட்டில் அவர், பின்னால் நான். அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக் குவியல் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிடரி திரும்பியது.

பவளக்கால் உள்ளான், சாம்பல் நாரை, செம்பருந்து, மரக்காணம் தாண்டிக் கரண்டிவாயன் நாலைந்து. எல்லாம் ரெண்டு சாட்சியோடு.

ராத்திரி சிதம்பரத்தில் தங்கல். கணுக்காலில் கட்டைவிரல் வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, சீக்கிரம் நிரம்பிவிட்டது. பரவாயில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

பிச்சாவரம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம். துடுப்புப் படகுதான் வேண்டும், மோட்டார் சத்தத்தில் ஒரு குருவியும் நிற்காது என்று அப்பா பிடிவாதம். அவர் சொன்னதுதான் சரி. ஓடை குறுகக் குறுக, சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, வெளிச்சம் பச்சையாகிவிட்டது. சேற்றில் தாவித் தாவிப் போகும் குட்டி மீன்களை யாழினிதான் கண்டுபிடித்தாள். ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள். ஒரு கிளையைப் படகுக்காரர் விலக்கி, "தொடாதீங்கம்மா, தில்லை. பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது" என்றார். சிதம்பரம் கோயிலுக்குப் பெயர் கொடுத்த மரம் இப்படி ஒரு முரட்டு மரமா! அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், தள்ளி இருந்தே.

படகில் ஏற அப்பாவுக்குக் கை கொடுத்தேன். தட்டிவிட்டார். இறங்கும்போது அவரே கேட்டார்.

ஜனவரி 26, திங்கள்

தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே, நிழலில், அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஊறுகாய் பாக்கெட். ஒரு ரூபாய் பாக்கெட், காலி, ஓரத்தை நக்கிச் சுத்தம் செய்திருக்கிறது. எந்தக் கடையில், எப்போது? நான் பக்கத்திலேயே இருந்தேனே. கழிவறைக்குப் போகிறேன் என்றாரே, நாகப்பட்டினத்தில், அப்போதா? யாரிடமும் சொல்லவில்லை. பாக்கெட்டை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளி, சாலையை ஒட்டி மறுபடி உப்பளம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். நினைவுத் தூண் முன்னால் அப்பா நிறுத்தச் சொன்னார். "இதுக்காக ஜெயிலுக்கே போனாங்க மாப்ள. எனக்கு ஒரு சிட்டிகைக்கு வழியில்ல." கார்த்தி சிரித்தார். எனக்கு அந்த பாக்கெட் நினைவு.

கோடியக்கரை காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். உயரமான காடு இல்லை. குட்டையாக, நெருக்கமாக, பாலை மரங்கள். 2018-இல் கஜா புரட்டிப்போட்டதில் சாய்ந்தவை இன்னும் அப்படியே கிடக்கின்றன, சில சாய்ந்த இடத்திலேயே துளிர்த்திருக்கின்றன. 1967-லிருந்து இது சரணாலயம், வெளிமானுக்காகவே ஒதுக்கியது. புல்வெளி திறந்ததும் அவை நின்றன. பழுப்பு நிறப் பெட்டைகளும் குட்டிகளும், கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு கிடா, முதுகு கருகருவென்று, முறுக்குக் கொம்பு. அது எங்களைப் பார்க்கவே இல்லை. அதே புல்லை மேய்ந்துகொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். என்றைக்கோ யாரோ விட்டுப்போனவற்றின் வாரிசுகள். மானுக்கு இருக்கிற புல்லில் அவையும் பங்கு. யாழினிக்கு மானை விடக் குதிரைதான் பிடித்தது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டாள். குறுக்கே ஒரு நரி ஓடியது. மூன்று பேர் பார்த்தோம்.

சாயங்காலம் சேற்றுவெளிப் பக்கம் பூநாரை. ரொம்ப தூரம். வெறும் கண்ணுக்கு ஒரு வெளிர் கோடு. அப்பா கார் கண்ணாடியை இறக்கி, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றி பைனாகுலரைப் பிடித்தார். அப்படியும் கை நடுங்கியது. கார்த்தி எஞ்சினை அணைத்தார், அது எஞ்சின் நடுக்கம் என்பதுபோல.

"தலையைக் கவுத்துப் போட்டுத்தான் தின்னும், பாரு. அந்த உப்புத் தண்ணிப் பாசியும் பொடி இறாலும்தான் அந்த நிறம்."

"உப்பு ஜாஸ்தியானா அதுக்கு ஒண்ணும் ஆகாதா தாத்தா?"

"அதுக்கு மூக்குகிட்ட ஒரு சுரப்பி இருக்கு. வேண்டாத உப்பைச் சொட்டுச் சொட்டா வெளிய தள்ளிடும்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு அதை வைக்கலை" என்றார்.

பிறகு ரொம்ப நேரம் பைனாகுலரை யாருக்கும் தரவில்லை. இந்த முனையில் கரை செங்கோணமாக மடங்குகிறது, கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. எனக்குத் திடீரென்று எல்லாமே நன்றாக இருந்தது. ஊறுகாய், கோடு போட்ட பாட்டில், எல்லாம் சேர்த்தே. இப்படியே ஒரு மாதம் ஓட்டலாம் என்று தோன்றியது.

ஜனவரி 28, புதன்

600 கிராம் கூடியிருக்கிறது. தரை சமமில்லை, மெஷின் தப்பு என்கிறார். இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் டாக்டருக்கு வாட்ஸ்அப், மாத்திரை ஒன்று அதிகம். மூச்சு பரவாயில்லை. 'திரும்பிவிடலாமா' என்று கார்த்தி கண்ணாலேயே கேட்டார். அப்பா அதற்குள் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம். எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே ஒரு கோபுரம், இதைக் கட்டின கொத்தனாருக்கு என்ன சொல்லி விளக்கினார்களோ. எங்களுக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிற கடல். அலையே இல்லை, குளம். அடியில் கடற்புல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியாவுக்கென்று, அதுதான் கடல் பசு, ஒதுக்கியிருக்கிறார்கள். நானூறு கிலோ உடம்பு, தின்பது புல் மட்டும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போய்விடும். "எழுபது வருஷம்கூட இருக்குமாம்" என்று யாழினி படித்தாள். "அப்ப என் ஜோடு" என்றார் அப்பா.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தோம். "புல்லு இருக்கிற இடத்துக்கு வரும் சார். கரைக்கிட்ட அபூர்வம். எங்க வலையில பட்டா அறுத்து விட்ருவோம், ஃபாரெஸ்ட்ல கூப்பிட்டு ரொக்கம் குடுப்பாங்க." வலைக்கும் சேர்த்தா என்று கார்த்தி கேட்டதற்கு பதில் வரவில்லை.

கார்த்தியும் யாழினியும் கோபுரத்தைச் சுற்றப் போனார்கள். அம்மா காரில் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். அப்பாவும் நானும் கரையில், திண்டில். நான் குனிந்து அவர் கணுக்காலை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அதோ, அதோ!"

நிமிர்ந்தபோது தண்ணீரில் வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. இரண்டு மூக்குத் துளை, அப்புறம் பழுப்பாக முதுகு, சத்தமே இல்லாமல் உள்ளே போனது என்றார். மறுபடி மூச்சுக்கு வரத்தானே வேண்டும் என்று காத்திருந்தோம். வெயில் சாயும் வரை. வரவில்லை.

யாழினி தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "நீங்க ஒருத்தர்தான் தாத்தா பார்த்தது."

"நான் பொய் சொல்றேனா?"

"ரூல் உங்களோடதுதானே."

ராத்திரி வரை அவர் பேசவில்லை. சாயங்காலக் கோட்டுக்குண்டான தண்ணீரையும் குடிக்கவில்லை. தொண்டி லாட்ஜில் இதை எழுதுகிறேன், மணி பதினொன்றரை. அது ஆமையாக இருக்கலாம். ஓங்கிலாக, அதாவது டால்பினாக, இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இந்த மாத்திரைக்குத் தலை சுற்றும், கண் இருட்டும் என்று போட்டிருக்கிறது. ஆனால் பழுப்பு என்றாரே. முதலில் மூக்கு, பிறகு முதுகு என்று வரிசையாகச் சொன்னாரே. ஓங்கில் என்றால் துடுப்பைத்தானே முதலில் சொல்லியிருப்பார்? நான் ஒரு நொடி முன்னால் நிமிர்ந்திருந்தால். அந்தக் கால் எங்கே ஓடிவிடப்போகிறது.

ஜனவரி 30, வெள்ளி

தேவிபட்டினம் தாண்டும்போது, கேட்காமலே, அம்மா சொன்னாள்: "நானும் பார்த்தேன்டி."

"எதை பாட்டி?"

"அந்த ஆவுளியாவை. கார்லேர்ந்து."

யாழினி உடனே நோட்டை எடுத்து, பேனாவால், பெரிய எழுத்தில் எழுதினாள். அப்பா முன்னால் இருந்த கண்ணாடியைக் கையால் திருப்பி அம்மாவைப் பார்த்தார். கார்த்திக்குப் பின்னால் வண்டி தெரியாமல் போய், "மாமா, மாமா" என்று கத்தினார்.

மனோராவில் கார் தென்னந்தோப்பைப் பார்த்துத்தான் நின்றது. அம்மா கண்ணாடி போடாமல் பஸ் போர்டு படிக்க மாட்டாள், கண்ணாடி என் பையில், மாத்திரை டப்பாவோடு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எடை 400 கிராம் இறங்கியிருக்கிறது.

பாம்பன் பாலத்தில் நிறுத்த விடமாட்டார்கள் என்று தெரியும். மெதுவாகப் போனோம். பக்கத்தில் புது ரயில் பாலம், நடுத் துண்டு செங்குத்தாக மேலே ஏறும், போன வருஷம் திறந்தது. அப்பா ரயில் வருமா என்று பார்த்தார். வரவில்லை.

ஜனவரி 31, சனி

தனுஷ்கோடி. இருபக்கமும் கடல், நடுவில் அரிச்சல்முனை வரைக்கும் நேர்க்கோடாகத் தார்ச்சாலை. அதை 2017-இல் போட்டார்கள், அதற்கு முன் வேனில் மணலில் குலுங்கித்தான் வரவேண்டும், கல்யாணமான புதிதில் நானும் கார்த்தியும் அப்படித்தான் வந்தோம். 1964 டிசம்பர் புயலில் போன தேவாலயத்தின் சுவர்கள் அப்படியே. ரயில் மொத்தமும் போன செய்தி வந்தபோது அப்பாவுக்குப் பத்து வயசு, பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊரே நின்றதாம். அந்தக் கதையை யாழினிக்குச் சொல்ல ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பாதியில் விட்டார்.

பூநாரைகள் இந்தத் தடவை கிட்டத்தில். கழிமுகத் தண்ணீரில் நூறுக்கு மேல். போன ஜூனில்தான் இந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பறக்கும்போதுதான் இறக்கைக்கு அடியில் அந்தச் சிவப்பும் கறுப்பும் தெரிகிறது. அப்பா எண்ண ஆரம்பித்தார். நாற்பத்திரண்டில் கார்த்தி போன் அடித்தது. எனக்கு இலங்கை நெட்வொர்க் வரவேற்பு மெசேஜ் வந்துகொண்டிருந்தது, அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ.

பத்து இல்லை. நாலு. மூன்றாம் தேதியே சேர்த்துவிட வேண்டும்.

கார்த்தி தள்ளிப்போய்தான் பேசினார். அங்கே எங்கே தள்ளிப்போவது, காற்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது.

"தூத்துக்குடி பாக்கி இருக்கே மாப்ள" என்றார் அப்பா. எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மதுரை, திருச்சி வழி. கடலே கிடையாது. விராலிமலையில் சாலையோரம் மயில். கடல் நோட்டில் மயில் வரக் கூடாது என்கிறாள் யாழினி, வரலாம் என்கிறார் அப்பா. அம்மா தூங்குகிறாள். ஊறுகாய் பாக்கெட்டைத் திருச்சி ஓட்டல் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

டோல்கேட்டில் நிற்கிறோம், பெரிய வரிசை. இரண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஆள் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கார்த்தியின் ஆபீஸில் இரண்டு பேர், மூன்றாவதாக எதிர் வீட்டு அண்ணனைக் கேட்கலாம். நாலாம் தேதி யாழினியை யாரிடம் விடுவது, அம்மாவும் வருவேன் என்று நிற்பாள், அங்கே ஒருவருக்குத்தான் பாஸ் என்று