கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிற வண்டி

இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 75 காரை வெறும் நாலு கதவு ஃபேமிலி கார் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசே கேட்பதில்லை. கம்பெனியின் 75ஆவது ஆண்டான 1985-ல் வந்தது.

இன்ஜின் முன்னால். கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டும் பின்னால். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி! பின் பிரேக் டிஸ்க்கூடச் சக்கரத்தில் இல்லை. உள்ளே, கியர்பாக்ஸை ஒட்டி. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற பாரம் அவ்வளவுக்குக் குறைவு. பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே குழாயால் இணைக்கிற டி டியோன் அச்சு பின் டயர் இரண்டையும் ரோட்டுக்கு நேராகவே நிறுத்தி வைக்கும். வளைவில் பாடி நன்றாகச் சாயும், ஆனால் டயர் பிடியை விடாது.

கியர் ராடு நீளம் என்பதால் மாற்றும்போது கொஞ்சம் தொளதொளப்பு உண்டு. இரண்டாவது கியருக்கு அவசரமே படக்கூடாது, பொறுமையாகத் தள்ள வேண்டும்.

அந்த ‘ப’ வடிவ ஹேண்ட்பிரேக் பிடி வேறு, அவ்வளவு அழகு!