12 மில்லிமீட்டர்

எங்கள் ஆய்வகத்தில் ஸ்லைடில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான். 22 வருஷமாகத் திசுக்களை வெட்டிச் சாயமேற்றும் வேலை. எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று யோசிக்காமல் கையை ஓட்டப் பழகிவிட்டேன். போன மாதம் வந்த ஓர் எண் மட்டும் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அது என்னுடையது.

பெருங்குடலின் உட்சுவரில் ஒரு பாலிப், அதாவது சிறு சதை வளர்ச்சி, 12 மில்லிமீட்டர். குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தபோதே வெட்டி எடுத்து, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். நம்முடைய திசுவை நாமே வெட்டுவது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. ஆனால் அன்றைக்கு, திசுவைச் சீவும் கருவியான மைக்ரோடோமில் உட்கார வேண்டிய முறை என்னுடையது, நானும் வாயைத் திறக்கவில்லை.

மெழுகுக் கட்டியில் புதைந்த திசுவை 4 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனைப் பதினைந்து, இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, அவ்வளவு. சீவச் சீவ ரிப்பன்போல நீண்டு வரும். அதைத் தூரிகை முனையால் தாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும், அப்படியே ஸ்லைடில் ஏந்திக்கொள்ளலாம். தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று பீற்றிக்கொள்கிற வேலை. அன்று முதல் ரிப்பன் சுருண்டு கிழிந்தது. இரண்டாவதும்தான்.

அம்மாவின் கேள்வி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "உனக்கு எப்படிடி வந்துச்சு? நம்ம குடும்பத்துல யாருக்கும் வந்ததில்லையே." முடிவு தெரிவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். பாலிப் என்ற சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இந்த 'வந்துச்சு' மீது எனக்கு ரொம்ப நாளாக ஒரு கடுப்பு. ஜலதோஷம் வரும், விருந்தாளி வருவார். புற்றுநோய் அப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிற ஆள் இல்லை. வைரஸின் பங்கு இருக்கிற வகைகளில்கூட, புற்றாக வளர்வது நம்முடைய செல்தான். கிரேக்கர்கள் இதை நண்டு என்றார்கள். எனக்கு நம் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. புற்றை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை. கரையான்கள் இருந்த இடத்து மண்ணையே எடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டே போகின்றன. நமக்குத் தெரியவரும்போது அது இடுப்பு உயரம் இருக்கும்.

சாயமேற்றிய ஸ்லைடை எங்கள் நோயியல் மருத்துவர் மேடம் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வாங்க, நீங்களே பாருங்க" என்றார். முதலில் தெரிந்தது ஓரத்தில் இருந்த சாதாரணப் பகுதி. டெஸ்ட் டியூப்களை வரிசையாக நிறுத்தியதுபோலக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில மூலச்செல்கள் இருக்கும். அவை பிரிந்து பிரிந்து தரும் பிள்ளைச் செல்கள் மேலேறி, நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். ஆகவே மேலே இருக்கும் செல்லில் ஒரு மரபணுப் பிழை விழுந்தால் பெரும்பாலும் கவலையில்லை, பிழையைச் சுமந்த செல்லே அந்த வாரம் போய்விடுகிறது. அடியில் நிலையாக உட்கார்ந்திருக்கும் செல்லில் விழுந்தால்தான் அது தங்குகிறது.

பிழை விழாமலும் இருக்காது. ஒரு செல் இரண்டாகும்போது சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாடு அபாரமானது, இருந்தும் ஒன்றிரண்டு பிழைகள் தப்பிவிடும். புகை, வெயில், சில வைரஸ்கள், பரம்பரை, எல்லாம் இந்தப் பிழைகளைக் கூட்டும் அல்லது திருத்தத்தைக் குறைக்கும். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது 2015இல் வந்த ஓர் ஆய்வு. நடுவயதைத் தாண்டியவர்களின் ஆரோக்கியமான கண் இமைத் தோலைச் சோதித்தபோது, ஏறக்குறைய நாலில் ஒரு செல்லில் புற்றுநோயைத் தூண்டும் வகை மரபணு மாற்றம் இருந்தது. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. அதாவது ஒரு பிழை மட்டும் போதாது. எத்தனையோ செல்கள் பாதி வழி போய், அங்கேயே நின்று, முடிந்துபோகின்றன.

பெருங்குடலில் அந்த வழியைப் படிப்படியாக வரைந்து காட்டியவர்கள் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள், 1990இல். பல நேரங்களில் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. "போதும், பிரியாதே" என்று செல்லைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருப்பதால், இரண்டும் கெட்டால்தான் கட்டுப்பாடு போகும். இந்த 'இரண்டு அடி' யோசனையை நட்சன் என்ற ஆய்வாளர் 1971இலேயே, குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்துச் சொல்லிவிட்டார். அப்புறம் கேராஸ், செல்லை வளரச் சொல்லும் மரபணு. தானாக அணைய வேண்டிய சுவிட்ச், அணையாமல் மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் பி53 என்ற மரபணு கெட்டுப்போகிறது. சேதமான செல்லை நிறுத்தித் திருத்தச் சொல்லி, திருந்தாவிட்டால் தற்கொலைக்கு அனுப்புவது பி53. மனிதப் புற்றுநோய்களில் பாதியளவில் அது கெட்டிருக்கிறது.

மேடம் ஸ்லைடை நகர்த்தினார். ஒழுங்கான குழிகள் ஓரிடத்தில் சட்டென்று முடிந்தன. அந்தப் பக்கம் ஒரே நெரிசல். செல்களின் உட்கருக்கள் நீண்டு, கருநீலமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. குழியின் அடியில் மட்டும் நடக்க வேண்டிய செல்பிரிவு மேல்தட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ பேருடைய ஸ்லைடில் பார்த்த காட்சிதான். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

"அடியைப் பாருங்க" என்றார் மேடம். சளிச்சவ்வுக்குக் கீழே மெல்லிய இளஞ்சிவப்புத் தசைக்கோடு ஒன்று ஓடும். பெருங்குடலைப் பொறுத்தவரை எங்கள் தீர்ப்பே அந்தக் கோட்டில்தான். கோட்டுக்கு மேலேயே கும்மாளம் போட்டால் அடினோமா, இன்னும் புற்றுநோயாகாத கட்டி. கோட்டை அரித்துக் கீழே இறங்கினால்தான் புற்றுநோய் என்று எழுதுவோம். கீழேதான் நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் தாராளமாக இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். பிழைப்பவை கண்ட இடத்தில் முளைப்பதுமில்லை. விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889இலேயே எழுதினார். பெருங்குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால், அங்கே அடிக்கடி முளைக்கிறது.

மேடம் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தபோது என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு செல் இரண்டாகி, நாலாகி, முப்பது முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி. அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கட்டி. இன்னும் பத்தே முறை இரட்டித்தால் ஒரு கிலோ. நாம் 'ஆரம்பம்' என்று சொல்வது, அதன் கதையில் முக்கால்வாசி முடிந்த இடம். நடுவில் சாகும் செல்கள் ஏராளம், ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டப் புதிய ரத்தக் குழாய்களை வேறு வரவழைத்தாக வேண்டும். அதனால் வருஷக்கணக்காகும். அடினோமாக்களில் பெரும்பாலானவை புற்றுநோயாவதே இல்லை, ஆகிறவையும் பொதுவாகப் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்ளும். என்னுடையது எந்த வருஷம் தொடங்கியிருக்கும்? நான் என் மகளின் பரீட்சையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம்.

கோடு எங்கும் அறுபடவில்லை. வெட்டிய ஓரமும் சுத்தம். "டியூபுலார் அடினோமா. மூணு வருஷம் கழிச்சு மறுபடி கொலனோஸ்கோப்பி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஸ்லைடை எடுத்தார். என் மெழுகுக் கட்டியை எண் வரிசைப்படி டிராயரில் செருகினேன்.

வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். செல், மூலச்செல், தசைக்கோடு என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்தவுடன் அவள் கேட்டது ஒன்றுதான்: "வந்திருக்கா?"

"இல்லம்மா, வரலை."