பெரிய கோயில் கல்வெட்டோடு மார்க்சைப் படிக்க

மதம் மக்களின் அபின் என்ற ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து மார்க்சைப் படிப்பது பெரும் அநியாயம். 1844-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் அதற்கு முந்தைய வரிகள்தான் முக்கியம். மதத்தில் தெரியும் துயரம் நிஜத் துயரத்தின் வெளிப்பாடு, அதை எதிர்க்கும் குரலும்கூட என்கிறார். அபின் அன்று மருந்துக்கடையில் விற்ற வலிநிவாரணி. வலி எங்கிருந்து வருகிறது என்பதே அவர் கேள்வி.

மனிதன் தன் இயல்பையே வானத்தில் ஏற்றி வணங்குகிறான் என்று ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் 1841-லேயே சொல்லிவிட்டார். பூமியில் என்ன பிளவு இருப்பதால் அந்த வானம் தேவைப்படுகிறது என்று மார்க்ஸ் மேலே போனார்.

இதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோதிக்கலாம். விளக்குக் கொடையில் தொடங்குங்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். சோழர் காலக் கொடைகளில் இவை ‘சாவா மூவாப் பேராடு’: சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு நோயில் சாகும், ஆனால் கணக்கில் சாகாது. குறைந்ததை ஈடுகட்டுவது மேய்ப்பவர் பொறுப்பு. கொடுத்தவர் பெயரும் மேய்ப்பவர் பெயரும் ஒரே கல்லில் இருக்கின்றன: ஒருவருக்குப் புண்ணியம், மற்றவருக்கும் அவர் உறவினருக்கும் கடமை.

அடுத்து காசு. கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு வட்டி. எட்டே ஆண்டில் வட்டி முதலைத் தொட்டுவிடும், முதலோ சந்திராதித்தர் உள்ளவரை, அதாவது சூரிய சந்திரர் இருக்கும்வரை, அப்படியே நிற்கும். அந்த வட்டி வயலிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: எல்லாம் பூசாரிகளின் ஏமாற்று என்று முடித்துவிடுவது. அது 18-ஆம் நூற்றாண்டில் ஓல்பாக் போன்ற நாத்திகத் தத்துவவாதிகளின் வாதம். சுமப்பவரும் ஏன் உருகி வணங்குகிறார் என்பதற்கு அதில் பதில் கிடையாது. கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாடிய 48 பிடாரர் என்னும் பாடகருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி, அதாவது மூன்று குறுணி அளவு நெல். பாட்டு அந்த நெல்லின் மேல் நின்றது. அதனால் பாட்டின் உருக்கம் பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் மார்க்சின் பலம்.

1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் மிராசுதாரர்களோடு நிலம் வைத்திருந்த மடங்களையும் எதிர்த்து நின்றபோது, சாமியை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூலிநெல்லை உயர்த்தச் சொன்னார்கள். சவுக்கடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் நிறுத்தச் சொன்னார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது.