உங்க பேரைச் சொல்லுங்க, ஆயா

2023 டிசம்பர் 26 அன்று எனக்கு நைட் டூட்டி. வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோக்களும் பைக்குகளுமாக வந்து நின்றன. யாரும் எங்களுக்கு முன்கூட்டிப் போன் செய்யவில்லை. வந்தவர்களின் துணியில் இருந்த நெடிதான் முதலில் சேதி சொன்னது. மூக்கின் உச்சிவரை ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும் நெடி. அம்மோனியா.

எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயிருந்தன. அதற்குள் இது. அன்றிரவு பல ஆஸ்பத்திரிகளிலுமாக ஐம்பது பேர் அளவில் சேர்க்கப்பட்டார்கள்.

அம்மோனியாவுக்கு மாற்று மருந்து கிடையாது. அது ஈரத்தைத் தேடிப்போகும் வாயு. கண், மூக்கு, தொண்டை என்று ஈரம் இருக்கும் இடத்தில் கரைந்து காரமாகி (ஆல்கலி, அமிலத்துக்கு எதிரானது) புண்ணாக்கும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அதனால் முதல் வைத்தியம் தண்ணீர்தான். நெடி ஏறிய துணிகளைக் களைந்து பையில் கட்டி வெளியே வைத்தோம். நார்மல் சலைன் என்ற உப்புநீர் பாட்டிலில் டிரிப் செட்டை மாட்டி, ஊசியில்லாமல் குழாயைக் கண்ணோரம் பிடித்து ஓடவிட்டோம். சும்மா ஊற்றினால் போதாது. நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஹெச் தாளைக் கீழிமைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் இயல்புக்கு வரவில்லையென்றால் மறுபடி பாட்டில். எங்கள் வார்டில் அந்தத் தாள் இல்லை. லேபுக்கு ஆளை ஓடவிட்டு வாங்கிவந்தோம்.

ஒரு தம்பி தன் மனைவியின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகுமா என்று கேட்டார். காரத்துக்குப் புளிப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடவே கூடாது, வெறும் தண்ணீர் மட்டும்தான். ஆனால் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவர்கள் நல்ல காரியம் செய்திருந்தார்கள். மூக்குக்குப் போகவேண்டிய அம்மோனியாவில் கொஞ்சத்தை அந்தத் துணியின் ஈரம் பிடித்துக்கொள்ளும்.

அந்த ராத்திரியில் நான் செய்த தவறு இன்னும் மனதில் உறுத்துகிறது. ஓர் ஆயா, அறுபது வயதைத் தாண்டியிருக்கும், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு ஒன்னுமில்லம்மா, மொதல்ல புள்ளையப் பாரு" என்றார். அவர் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை மாட்டினேன். 97 சதவீதம் காட்டியது, நல்ல அளவுதான். அந்த எண்ணை நம்பி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பையனிடம் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, "பையன் எப்டிமா இருக்கான்?" என்று கேட்டார். குரல் கம்மி, கரகரவென்று வந்தது. வந்தபோது அப்படி இல்லை.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. குரல் கம்மினால் குரல்வளைப் பக்கம் வீங்குகிறது என்று அர்த்தம். வீக்கம் மூச்சுப் பாதையை அடைக்க ஆரம்பிக்கும்வரை விரல் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அடைத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது மிகவும் கஷ்டம். டியூட்டி டாக்டர் உடனே அவரைக் கட்டிலுக்கு மாற்றி, ஈரப்பதமுள்ள ஆக்சிஜன் வைத்து, மயக்க மருந்து டாக்டரைக் கீழே வரச்சொன்னார். டியூப் போடும் தட்டு கட்டில் பக்கத்திலேயே விடியும்வரை திறந்திருந்தது. தேவைப்படவில்லை. நாலு மணிக்கு மேல் குரல் தெளிய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் போய் "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்டேன். பேர் ஏற்கெனவே சீட்டில் இருந்தது. எனக்கு வேண்டியது குரல். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று. சிலர் எரிச்சலானார்கள், பரவாயில்லை. இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. இப்படி விபத்து நடந்தால் முதலில் வந்து சேர்பவர்கள் நடக்க முடிந்தவர்கள். சத்தம் போட முடிந்தவர்கள் கட்டிலைப் பிடித்துவிடுவார்கள், ஆயா மாதிரி ஆட்கள் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

நர்சிங் படிக்கும்போது போபால் விஷவாயுக் கசிவைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள். 1984 டிசம்பர் 2 ராத்திரி, ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட். ஹமீதியா ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்தபோது, இது என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்று அங்கிருந்த டாக்டர்களுக்குத் தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. விஷமுறிவாகச் சோடியம் தயோசல்பேட் ஊசி உதவுமா உதவாதா என்ற சண்டை மாதக்கணக்கில் நடந்தது. அப்போது அதைத் தேர்வுக்குத்தான் படித்தேன். எண்ணூர் ராத்திரிக்குப் பிறகு அந்த டாக்டர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு மூக்கே பேரைச் சொல்லிவிட்டது. நெடியில்லாத ஒன்றாக இருந்திருந்தால்? ஆலையைச் சுற்றி எத்தனை ஆஸ்பத்திரி உண்டோ அத்தனைக்கும், உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது, அது பட்டால் என்ன செய்யவேண்டும் என்ற ஒரு பக்கத் தாள் முன்பே வந்திருக்க வேண்டும். கசிந்த நிமிடமே போன் வரவேண்டும். இதைக் கேட்பது அதிகமில்லை.

பகலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு செய்தியில் வந்தது. ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா, இருக்கவேண்டிய வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. நான் அதைப் படிக்கும் முன்பே ஆயா கிளம்பத் தயாராகிவிட்டார். "வூட்டுக்குப் போனா அந்தக் காத்து போயிருக்குமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். உறவுக்காரர் வீடு வேறு பக்கம் இருந்தால் ரெண்டு நாள் அங்கே இருங்கள் என்றேன். திருவொற்றியூரில் மகள் இருப்பதாகச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பேரனைக் கூப்பிட்டு ரெண்டு தடவை சொல்லவைத்தேன். "ஆயா குரல் மாறினா, மூச்சு எறைச்சா, உடனே கூட்டிட்டு வரணும்." மூன்றாவது தடவை அவனாகவே சொன்னான், ஆயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு.