கண்மாய் ஒப்படைப்பு விழாவுக்குச் செய்திக்குறிப்பு எழுதிய அனுபவம்

சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய் ஒன்றைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்திய அறக்கட்டளையில் பணியாற்றுகிறேன். வேலை முடிந்து கண்மாயை ஊராரிடம் ஒப்படைக்கும் விழாவுக்கான செய்திக்குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கையில் இருந்தவை விழா அழைப்பிதழும் பொறியாளரின் பணிக் குறிப்பேடும் மட்டுமே. இந்த இரண்டில் எதை அடிப்படையாகக் கொண்டு எழுதுவது என்பதை முடிவு செய்யத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று அழைப்பிதழுக்கு ஒரு வரிசை உண்டு. நம் ஊர் அமைப்புகள் அனுப்பும் செய்திக்குறிப்புகளில் பெரும்பாலானவை அதே வரிசையில்தான் தொடங்குகின்றன. ஆனால் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் தயாரிக்கும் உதவி ஆசிரியர், இடம் போதாதபோது குறிப்பைக் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டே வருவார். முதல் பத்தி முழுவதும் பெயர்களாக இருந்தால், அவர் வெட்டி எறிவது கண்மாயையும் அதனால் பயன்பெறும் வயல்களையும்தான். அச்சில் மிஞ்சுவது யார் தலைமை தாங்கினார் என்பது மட்டுமே. எனவே எந்த ஊரில், எந்தக் கண்மாயில், என்னென்ன வேலைகள் நடந்தன, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம், பயன்பெறும் என்பவை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கவேண்டும் என்று உறுதியாக நின்றேன். விருந்தினர்களின் மனம் வருந்துமே என்று எங்கள் செயலாளர் கவலைப்பட்டார். அவர் கவலையும் நியாயமானதுதான். அடுத்த கண்மாய்க்கும் அவர்களுடைய ஒத்துழைப்பு வேண்டும். இறுதியில், விழாவில் பங்கேற்றோர் பெயர்களைச் சரியான முன்னெழுத்துடனும் பதவியுடனும் மூன்றாம் பத்தியில் வைப்பது, மேடையில் இருந்த அனைவரையும் படவிளக்கத்தில் குறிப்பிடுவது என்று முடிவு செய்தோம்.

தகவல்களைச் சரிபார்ப்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. எங்கள் கண்மாய் எதன் கீழ் வருகிறது, அனுமதி எந்த அலுவலகம் தந்தது என்பதில் வரைவுகளுக்குள்ளேயே முரண்பாடு இருந்ததால், உதவிப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகே அந்த வரியை எழுதினேன். குறிப்பேட்டில் அகற்றிய மண்ணின் அளவு கன மீட்டரில் இருந்தது. அதை இரண்டாம் பத்திக்குத் தள்ளிவிட்டு, வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேல மரங்கள் வேரோடு அகற்றப்பட்டன, உபரி நீர் வழிந்தோடும் கலுங்கு செப்பனிடப்பட்டது, மடைகளுக்குப் புதிய அடைப்புப் பலகைகள் பொருத்தப்பட்டன என்று விவசாயிகள் நேரில் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வேலைகளை முன்னால் வைத்தேன். "இனி இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இராது" என்ற வாக்கியத்தைச் சேர்க்கும்படி சிலர் கேட்டார்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்யும் என்பது எவர் கையிலும் இல்லாதபோது, அப்படியொரு உறுதிமொழியை அறக்கட்டளையின் பெயரில் அச்சேற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயக்கட்டுதாரர் ஒருவர் சொன்ன கருத்தைச் சேர்த்தோம். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் இசைவு பெற்ற பிறகுதான் அதைக் குறிப்பில் வைத்தோம்.

வடிவத்துக்கு அரசின் செய்தி வெளியீடுகளே எனக்கு வழிகாட்டின. தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அனுப்பும் ஒவ்வொரு வெளியீட்டிலும் எண்ணும் தேதியும் இருக்கும். வெளியிடுபவர் யார் என்பதும் குறிப்பிடப்பட்டிருக்கும். இவற்றால்தான் ஒரு செய்தியாளர் அந்தத் தாளை நம்பி எடுத்துக்கொள்ள முடிகிறது. நாங்களும் மேலே எண், தேதி, ஊர் ஆகியவற்றையும், கீழே அறக்கட்டளையைப் பற்றிய மூன்று வரி அறிமுகத்தையும், தொடர்புகொள்ளவேண்டியவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வைத்தோம். அமெரிக்காவில் மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான ஐவி லீ எழுதிய முன்னோடிச் செய்திக்குறிப்பு பற்றியும் இந்த வேளையில் நினைத்துக்கொண்டேன். 1906 அக்டோபர் 28 அன்று அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பெட்டிகள் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடி மறைக்காமல் ரயில் நிறுவனத்தின் சார்பில் அவர் வெளியிட்ட அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. அப்படியே அச்சிடும் அளவுக்கு ஒரு குறிப்பு அமையவேண்டுமானால், அதில் புகழ்மொழிக்கு இடமில்லை.

எழுத்துரு விஷயத்தில் எதிர்பாராத அளவுக்கு உழைக்க நேர்ந்தது. எங்கள் பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருந்தன. அவற்றிலிருந்து நகலெடுத்தால் மறுமுனையில் பொருளற்ற குறிகளே தெரியும். யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்ட பிறகும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களை விட்டு முழுவதும் அகலவில்லை. குறிப்பு முழுவதையும் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக மட்டும் அனுப்பாமல் மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டினோம். செய்தியாளர் அதை மறுபடி தட்டச்சு செய்யவேண்டிய தேவை எழக்கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும் என்பதால் ஆவணமாக இணைத்தோம். பொன்னாடை போர்த்தும் படத்துக்குப் பதிலாக, செப்பனிட்ட கலுங்கின் மேல் ஊராரும் விருந்தினரும் சேர்ந்து நிற்கும் படத்தைத் தேர்ந்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினோம்.

விழாவுக்கு முந்தைய நாளே குறிப்பை அனுப்பிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. முந்தைய நாள் அழைப்பை மட்டும் அனுப்பி, செய்திக்குறிப்பை விழா முடிந்த பிறகே அனுப்புவது என்று தீர்மானித்தோம். அது நல்லதாயிற்று. அழைப்பிதழில் இருந்த விருந்தினர் ஒருவர் வரவில்லை. அவர் சார்பாக வேறொருவர் வந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கியவர்களிடம் பெயரையும் பதவியையும் மீண்டும் கேட்டுத் திருத்தி, மாவட்டப் பக்கங்களை மாலையில் முடித்துவிடுவார்கள் என்பதால் பிற்பகலுக்குள் அனுப்பி முடித்தோம்.

மறுநாள் ஒரு நாளிதழ் குறிப்பை முழுமையாகப் படத்துடன் வெளியிட்டது. மற்றவை முதல் இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொண்டன; அவற்றிலும் ஊர்ப் பெயரும் நடந்த வேலைகளும் ஆயக்கட்டு அளவும் பிழையின்றி இருந்தன. முற்பகலில் செய்தியாளர் ஒருவர் குறிப்பில் இருந்த எண்ணுக்கு அழைத்து, இதே வரத்துக் கால்வாயில் மேலே இருக்கும் அடுத்த கண்மாயின் நிலை என்ன என்று கேட்டார். பொறியாளரின் குறிப்பேட்டில் இருந்த விவரங்களை உதவிப் பொறியாளரிடம் சரிபார்த்து, அன்று மாலைக்குள் அவருக்கு எழுத்துமூலம் அனுப்பினோம்.